சாவியைத் திருப்பாதீர்!

பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கு வடக்கே அமைந்துள்ள ஊர் செமோர். ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்திருந்த இவ்வட்டாரத்தில் இன்று வீடமைப்புப் பகுதிகள் பெருகியுள்ளன. வேலைக்கும் பள்ளிக்கும் செல்லப் பல குடும்பங்கள் மகிழுந்தையே நம்பியுள்ளன. தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரை மாநிலங்களில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் வேளையில் இடியுடன் கூடிய கனமழை பெய்வது வழக்கம். வடிகால்கள் கொள்ளாத அளவுக்கு மழை கொட்டினால், சற்று நேரத்திலேயே சாலையில் திடீர் வெள்ளம் பெருகிவிடும்.

வெள்ளம் வாகனங்களுக்கு எத்துணை இழப்பை ஏற்படுத்தும் என்பதை 2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் நாடே கண்டது. ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடா குடியிருப்பில் வரிசை வரிசையாக மகிழுந்துகள் நீரில் மூழ்கின. அவ்வாண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் ஏற்பட்ட வெள்ளத்தால் நாட்டுக்கு 6.1 பில்லியன் ரிங்கிட் இழப்பு நேர்ந்ததாக மலேசியப் புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. அதில் வாகனங்களின் இழப்பு மட்டுமே 1 பில்லியன் ரிங்கிட்டாகும்.

வெள்ள நீர் இயந்திரத்தை எவ்வாறு பாழாக்குகிறது? இயந்திரம் இயங்கக் காற்று தேவை. மகிழுந்தின் முன்பகுதியில் உள்ள குழாய் வழியாகக் காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. உருளைக்குள் மேலெழும் பிஸ்டன், காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவையை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக அழுத்துகிறது. காற்று அழுத்தத்திற்குச் சுருங்கிக் கொடுக்கும், நீரோ சுருங்காது. உருளைக்குள் நீர் புகுந்துவிட்டால், மேலெழும் பிஸ்டன் பாறையில் மோதியது போல் தடைபடும். அதனுடன் பிணைந்துள்ள இணைப்புத் தண்டு வளைந்துவிடும்; சில வேளைகளில் உடைந்து இயந்திரத்தின் சுவரையே துளைத்துவிடும்.

புகை வெளியேறும் குழாயில் நீர் புகுவதே பெரும் ஆபத்து என்று பலர் எண்ணுகின்றனர். அதனால், எண்ணெய் மிதியை அழுத்தியபடி வெள்ளத்தை வேகமாகக் கடக்க முயல்கின்றனர். ஆனால், வேகமாகச் செல்லும்போது மகிழுந்தின் முன்னே நீர் அலையாக எழும்புகிறது. அந்த அலை காற்றுக் குழாயின் வாயை எட்டினால், இயந்திரமே நீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே, ஆழம் தெரியாத நீரில் இறங்காமல் திரும்பிச் செல்வதே அறிவுடைமை. 30 சென்டிமீட்டர் நீர் கூடப் பல சிறிய மகிழுந்துகளை மிதக்கச் செய்துவிடும்.

நடுவழியில் இயந்திரம் நின்றுவிட்டால், மீண்டும் முடுக்கிப் பார்க்கவே கூடாது. பெரும்பாலும் இயந்திரத்தைக் கெடுப்பது இந்த இரண்டாவது முயற்சியே. முதலில் சிறிதளவே புகுந்த நீருடன் மேலும் நீர் சேர்ந்துவிடும். நீர் மட்டம் உயர்ந்தால், வாகனத்தை விட்டு வெளியேறி மேடான இடத்திற்குச் செல்ல வேண்டும். ஆபத்து நேர்ந்தால் 999 என்ற எண்ணை அழைக்கலாம். இயந்திரத்தைப் பழுது பார்க்கலாம். போன உயிரை மீட்க முடியாது.

நிறுத்தி வைத்திருந்த மகிழுந்து வெள்ளத்தில் மூழ்கினால் அதன் இயந்திரம் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஏனெனில், பிஸ்டன் அப்போது அசைவதில்லை. நீர் வடிந்ததும் ‘ஓடுகிறதா, பார்ப்போம்’ என்று சாவியைத் திருப்பினால்தான் கேடு. மாறாக, இழுவை வண்டியின் உதவியுடன் அதை விரைவாகப் பட்டறைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மின்கல இணைப்பைத் துண்டித்து, உருளைகளில் தேங்கிய நீரைப் பட்டறையினர் வெளியேற்றுவர். இயந்திர எண்ணெய் பால் கலந்த தேநீரின் நிறத்தில் இருந்தால் அதில் நீர் கலந்துள்ளது என்று பொருள். அதை மாற்றியாக வேண்டும். காலம் தாழ்த்தினால் உட்பகுதிகள் துருப்பிடித்துவிடும்.

காப்புறுதியிலும் கவனம் தேவை. மலேசியாவில் முழுமைக் காப்புறுதி எடுத்தவர்களுக்கும் வெள்ளச் சேதத்திற்கான இழப்பீடு தானாகக் கிடைத்துவிடாது. அதற்குரிய கூடுதல் பாதுகாப்பைத் தனியே வாங்க வேண்டும். 2021இல் பலர் இதனை வெள்ளம் வடிந்த பிறகே அறிந்தனர். ஆண்டுதோறும் காப்புறுதியைப் புதுப்பிக்கும்போது இதனைக் கேட்டு உறுதிசெய்வதே வெள்ளம் வருமுன் அணை போடுவதாகும்.