பொன்னுக்கும் பொன்னுக்கும் பிறப்பது

என் அக்கா மகள் ஒரு மிகுபுனைவு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறாள். மூன்று பாகம். முதல் பாகத்திலேயே நாற்பது குதிரைகள். மாமா கால்நடை மருத்துவர் என்பதால் குதிரை வரும் அத்தியாயங்களை மட்டும் பிரித்து எனக்கு அனுப்பியிருந்தாள். "கதையப் பத்தி ஒண்ணும் சொல்ல வேண்டாம் மாமா, குதிரை சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க" என்று ஒரு குறிப்பு வேறு.

அவள் படைத்த இனத்தின் பெயர் சுடர்ப்பரி. பொன் உடல், வெள்ளிப் பிடரி. பொன்னோடு பொன்னை மட்டுமே சேர்த்து ஆயிரம் ஆண்டுகளாகக் கலப்பில்லாமல் காத்த இனம். இருட்டிலும் கண் தெரியும். அரச வம்சத்துக்கு ஆபத்து வரும்போது மட்டும் இளம் ஊதா நிறத்தில் ஒரு குட்டி பிறக்கும். நடுவில் ஒரு குதிரைக்குச் சிறகும் முளைக்கிறது. சிறகைப் பற்றி எனக்கு ஆட்சேபணை இல்லை, முளைக்கட்டும். ஆயிரம் ஆண்டு பொன்னுக்குப் பொன்னே பிறந்தது என்பதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. ஏனென்றால் இது அவள் கற்பனை இல்லை. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனால் நாலு கொட்டகைக்கு ஒரு கொட்டகையில் இதே பேச்சுத்தான்.

நம்பிக்கை: பொன்னிறக் குதிரையையும் பொன்னிறக் குதிரையையும் சேர்த்தால் பொன்னிறக் குட்டிதான் பிறக்கும்.

எனக்குப் பழக்கமான வியாபாரி ஒருவர் இதை நம்பி ஒரு ஜோடி வாங்கினார். இரண்டும் மஞ்சள் பூசிய மாதிரி மினுமினுப்பு, பிடரி வெள்ளை. முதல் ஈத்துக் குட்டி அசல் செவலை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வைத்திருந்த செவலைக் குதிரை வேலி தாண்டி வந்துவிட்டது என்று முடிவு கட்டி, அந்த வீட்டோடு பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார். அடுத்த ஈத்தில் பிறந்தது பால்நிறக் குட்டி. ரோஜா நிறத் தோல், நீலக் கண். என்னைக் கூப்பிட்டனுப்பினார். "ஏனுங்க டாக்டரு, இது ரெண்டும் என்ற குதிரைக்குப் பொறந்ததுதானுங்களா?" என்று அவர் கேட்டபோது குரலில் இருந்தது கோபம் இல்லை, குடும்ப மானம் போன வருத்தம்.

இரண்டுமே அவர் குதிரைக்குப் பிறந்தவைதான். குதிரை மயிரில் இருப்பவை இரண்டே நிறமிகள், ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு. சிவப்பு மட்டும் வந்தால் செவலை. கறுப்பு உடல் முழுக்கப் பரவினால் கறுங்குதிரை. கறுப்பு பிடரி, வால், கால்களோடு ஒதுங்கி, உடல் சிவந்து நின்றால் அது இங்கிலீஷ்காரர் 'பே' என்று சொல்லும் பழுப்பு. மற்ற நிறங்களில் பெரும்பாலானவை இந்த மூன்றின் மேல் வேறொரு மரபணு கைவைத்ததால் வந்தவை. பொன்னிறத்துக்குக் காரணமான மரபணுவுக்குக் கிரீம் என்று பெயர். அதில் நிகழ்ந்த மாற்றத்தை 2003-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள்.

டிகாஷனில் பால் ஊற்றுகிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். செவலைக்கு ஒரு பங்கு கிரீம் சேர்ந்தால் பொன், அதாவது பாலமினோ. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பங்கு சேர்ந்தால் பொன் அடர்த்தியாவதில்லை. வெளுத்துப்போய்ப் பால்நிறம் ஆகிவிடுகிறது. அதைக் கிரெமெல்லோ என்பார்கள். ஆக, பாலமினோ என்றாலே ஒரு பங்குதான். அது தன் குட்டிக்குக் கிரீமைக் கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம். இரண்டு பாலமினோக்கள் சேரும்போது நாலில் ஒன்று செவலை, நாலில் இரண்டு பொன், நாலில் ஒன்று பால்நிறம் என்பது கணக்கு. வியாபாரிக்கு முதல் இரண்டு ஈத்தும் ஓரக் கணக்கில் போய் விழுந்துவிட்டன.

குட்டி ஒன்று தவறாமல் பொன்னாகவே பிறக்க வேண்டுமா? பொன்னைத் தொடவே கூடாது. செவலையையும் பால்நிறத்தையும் சேர்க்க வேண்டும். பால்நிறம் எப்போதும் ஒரு பங்கு கிரீம் கொடுக்கும், செவலையிடம் கொடுக்கக் கிரீமே கிடையாது. எல்லாக் குட்டியும் பொன். இதைச் சொன்னபோது அந்த வியாபாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். சந்தையில் யாரும் சீண்டாத நிறம் ஒன்று, ஊரெல்லாம் கிடைக்கும் நிறம் ஒன்று, இரண்டையும் கட்டினால் தங்கமா என்று.

டிகாஷன் உவமைக்கு ஒரு எல்லை உண்டு. காப்பியில் பால் எல்லா இடத்திலும் கலக்கும். ஒரு பங்கு கிரீம் சிவப்பு நிறமியைத்தான் வெளுக்கும், கறுப்பை அநேகமாக விட்டுவிடும். அதனால் 'பே' குதிரை மேல் அது விழுந்தால் உடல் பொன்னாகும், பிடரியும் வாலும் கறுப்பாகவே நிற்கும். முழுக் கறுப்புக் குதிரை மேல் விழுந்தால் பல சமயம் ஒன்றுமே தெரியாது. கறுப்பாகவே இருந்து, கறுப்பாகவே விற்கப்பட்டு, எங்கேயோ போய்ப் பொன் குட்டி போடும். மருமகளின் இரண்டாம் பாகத்தில், கறுங்குதிரைக்கு வெளிர்நிறக் குட்டி பிறந்ததை வைத்து லாயத் தலைவனைத் துரோகி என்று தூக்கிலிடுகிறார்கள். பாவம், அவன் ஒரு தப்பும் செய்யவில்லை.

நம்பிக்கை: வெள்ளைக் குதிரை எல்லாம் ஒன்றுதான், நீலக் கண் இருந்தால் அது அல்பினோ, நோஞ்சான், காதும் கேட்காது.

அந்தியூரில் நுக்ரா என்ற ஒரே பெயருக்குள் எத்தனையோ வெள்ளைகளை அடக்கிவிடுவார்கள். நான் செய்வது ஒரு சின்ன வேலை. ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துக் குதிரையின் தோளில் ஊற்றுவேன். மயிர் நனைந்து படிந்ததும் தோல் தெரியும். தோல் கறுப்பு என்றால் அது நரைத்த குதிரை. கறுப்பாகவோ செவலையாகவோ பிறந்து, வருடா வருடம் மயிர் வெளுத்து, வெள்ளையாகிப்போனது. மனிதத் தலை நரைப்பது போலத்தான், குதிரைக்குச் சீக்கிரமே தொடங்கிவிடுகிறது. இந்த நரையைக் கிரீம் போல வெளிறச் செய்யும் மரபணு என்று சொல்லக் கூடாது. வியன்னாவின் புகழ்பெற்ற லிப்பிஸானர் குதிரைகள் இந்த ரகம், அவற்றின் குட்டிகளைப் பார்த்தால் வேறு இனம் என்பீர்கள். 2008-ல் இதன் மரபணுக் காரணம் தெரிந்தது. அதே மாற்றம்தான் வயதான நரைக் குதிரைகளின் வாலடியில் கறுப்புக் கட்டிகள் வரவும் காரணம். 15 வயது தாண்டியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அவை இருக்கும். வெள்ளைக் குதிரை வாங்குகிறவர்கள் பல்லைப் பார்ப்பதோடு வாலையும் தூக்கிப் பார்ப்பது நல்லது.

தண்ணீர் ஊற்றியதும் தோல் ரோஜா நிறமாகத் தெரிந்தால் கதை வேறு. இரட்டைக் கிரீமாக இருக்கலாம், பிறவியிலேயே நிறமி அணுக்கள் தோலுக்கு வந்து சேராத பிறவி வெள்ளையாகவும் இருக்கலாம். மயிர் சுத்த வெள்ளையா, கொஞ்சம் தந்தச் சாயலா என்பதைக் கொண்டு ஓரளவு ஊகிக்கலாம், நிச்சயம் வேண்டுமானால் மரபணுச் சோதனைதான். அல்பினோ என்பது மட்டும் இரண்டிலும் இல்லை. நிறமியே உண்டாகாமல் கண் சிவந்து தெரியும் உண்மையான அல்பினோ குதிரைகளில் பதிவானதில்லை. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் 1937-ல் 'அல்பினோ' என்ற பெயரிலேயே ஒரு குதிரைச் சங்கம் தொடங்கினார்கள். அவர்கள் வளர்த்தவையும் பிறவி வெள்ளைகள்தான், அல்பினோக்கள் அல்ல.

இரட்டைக் கிரீம் குதிரை நோஞ்சானும் அல்ல. நீலக் கண்ணால் நன்றாகவே பார்க்கும். வெயிலில் மூக்கும் கண்ணோரமும் வெந்துபோகும், நிழல் வேண்டும், அவ்வளவுதான். அமெரிக்கக் குவார்ட்டர் குதிரைச் சங்கம்கூட வெகுகாலம் இவற்றைப் பதிவேட்டில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்திருந்து பிற்பாடுதான் விதியை மாற்றிக்கொண்டது. பாலமினோவைக் கொண்டாடிக்கொண்டே அதன் கூடப்பிறந்ததை வாசலில் நிறுத்திய விந்தை அது. இந்தக் கெட்ட பெயருக்கு ஒரு காரணம் ஆள்மாறாட்டம். திட்டுத்திட்டாக வெள்ளை கொண்ட 'ஓவரோ' ரகக் குதிரைகள் இரண்டைச் சேர்த்தால் சில சமயம் முழு வெள்ளைக் குட்டி பிறக்கும். குடலை இயக்கும் நரம்பு முடிச்சுகள் உருவாகாததால் அது சில நாளில் வயிற்று வலியில் துடித்துச் சாகும். அந்தக் குட்டியைப் பார்த்தவர்கள் வெள்ளைக் குட்டி என்றாலே பயப்படுவதில் நியாயம் உண்டு. ஆனால் அது வேறு மரபணு, வேறு குற்றவாளி.

நம்பிக்கை: முதுகுக் கோடு போட்ட மங்கல் நிறம் கலப்படத்தின் அடையாளம்.

நேர்மாறு. முதுகெலும்பு நெடுக ஒரு கறுப்புக் கோடு, காலில் வரிக்குதிரை போலச் சில பட்டைகள், உடல் மட்டும் மங்கல். டன் என்று பெயர். கத்தியவாரிக் குதிரைகளில் சாதாரணமாகப் பார்க்கலாம். மங்கோலியாவின் பிரஷெவால்ஸ்கிக் காட்டுக் குதிரைகள் அத்தனையும் இந்த நிறம்தான். குதிரையின் பூர்விக நிறமே இது. நாம் 'சுத்தம்' என்று சொல்லும் அடர்நிறங்கள்தான் பின்னால் வந்த மாற்றம். அதுவும் மனிதன் குதிரையைப் பழக்குவதற்கு வெகு முன்பே வந்துவிட்டது. சுமார் 43,000 ஆண்டுப் பழைய குதிரை ஒன்றின் மரபுப் பொருளில் டன் வடிவமும் டன் அல்லாத வடிவமும் சேர்ந்தே இருந்தன. 2016-ல் வெளியான அந்த ஆய்வில் எனக்கு மிகப் பிடித்தது வேறொரு தகவல். டன் குதிரையின் மயிரைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் நிறமி ஒரு பக்கத்தில் மட்டும் அப்பிக்கிடக்கும், மறு பக்கம் காலி. நிறமியின் சரக்கில் குறையில்லை. ஒவ்வொரு மயிரும் பாதிதான் பூசப்பட்டிருக்கிறது.

இனி அந்த இருட்டில் பார்க்கும் வெள்ளிப் பிடரி. இங்கே மருமகளுக்குக் கொஞ்சம் அதிர்ச்சி கொடுக்க வேண்டியிருந்தது. வெள்ளி என்றே பெயர் கொண்ட மரபணு ஒன்று உண்மையாகவே உண்டு. கிரீமுக்கு நேர் எதிராக, கறுப்பை மட்டும் வெளுக்கும், சிவப்பைத் தொடாது. கறுங்குதிரையின் உடலைச் சாக்லேட் நிறமாக்கி, பிடரியையும் வாலையும் வெள்ளி இழையாக்கிவிடும். அமெரிக்காவின் ராக்கி மவுண்டன் இனத்திலும் ஐஸ்லாந்துக் குதிரைகளிலும் பார்க்கலாம், அத்தனை அழகு. விலை என்னவென்றால் கண். ஒரு பங்கு இருந்தால் கண்ணுக்குள் நீர்க்கட்டிகள் வரக்கூடும். இரண்டு பங்கு இருந்தால் விழிமுன் படலம், பாவை, லென்ஸ் என்று பல இடத்தில் பிறவிக் கோளாறு. சுடர்ப்பரி இருட்டில் பார்ப்பது இருக்கட்டும், பகலில் பார்த்தாலே போதும்.

ஊதாக் குட்டி அதைவிட மோசம். எகிப்திய வழி அரபுக் குதிரைகளில் எப்போதாவது ஈயமும் ஊதாவும் கலந்தாற்போன்ற பளபளப்போடு ஒரு குட்டி பிறக்கும். பார்த்தவர்கள் அசந்துபோவார்கள். குட்டி எழுந்து நிற்காது. கழுத்து பின்னுக்கு வளையும், கால்கள் விறைக்கும், வலிப்பு வரும். தாயின் மடியை எட்டவே முடியாமல் சில மணி நேரத்தில் அல்லது சில நாளில் முடிந்துபோகும். நிறமியை உயிரணுவுக்குள் சுமந்து செல்லும் ஒரு புரதம் நரம்பணுவுக்கும் சுமைதூக்கியாக இருக்கிறது. அதற்கான மரபணுவின் இரண்டு பங்கிலும் ஒரே ஒரு எழுத்து விடுபட்டால் மயிரும் வெளிறும், நரம்பும் வேலைநிறுத்தம் செய்யும். 2010-ல் இது கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, இனவிருத்திக்கு முன்பே சோதித்து, அதைச் சுமக்கும் இரண்டு குதிரைகளைச் சேர்க்காமல் இருந்தால் போதும் என்று ஆயிற்று. ஆபத்துக் காலத்தில் அரச வம்சத்துக்கு இப்படி ஒரு குட்டி பிறந்தால் அதை நற்சகுனம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டு, கூடவே ஒரு தப்பிக்கும் வழியும் சொல்லியிருந்தேன். ஆயிரம் ஆண்டு பொன்னுக்குப் பொன்னே பிறக்க ஒரு நேர்வழி இருக்கிறது, ஆனால் அதற்குக் கிரீம் உதவாது. ஷாம்பெயின் என்று இன்னொரு மரபணு. அதில் ஒரு பங்குக்கும் இரண்டு பங்குக்கும் பார்வைக்குப் பெரிய வித்தியாசம் கிடையாது. இரண்டு பங்கு உள்ள செவலைகளை மட்டும் வைத்துக்கொண்டால் குட்டி எல்லாம் பொன்தான். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் தோன்றிய 'அமெரிக்கன் கிரீம்' என்ற பாரவண்டிக் குதிரை இனத்தில் இந்தப் பொன்னைப் பார்க்கலாம். பெயரில் கிரீம், நிறத்துக்குக் காரணம் ஷாம்பெயின். தேன் நிறக் கண், புள்ளி விழுந்த ரோஜாத் தோல், வெள்ளைப் பிடரி. "பேசாமல் இதை வைத்துக்கொள், ஒரு வரியும் மாற்ற வேண்டாம்" என்று எழுதினேன்.

ராத்திரி பதினோரு மணிக்குப் போன்.

"ஷாம்பெயின் வேண்டாம் மாமா. அது ரொம்ப ஈஸியா இருக்கு. அந்தச் செவலையும் பால்நிறமும் சொன்னீங்கல்ல, அதுதான் வேணும். ஆத்துக்கு இந்தக் கரையில ஒரு ஊரு, செவலை மட்டும்தான் வளப்பாங்க. அந்தக் கரையில ஒரு ஊரு, பால்நிறம் மட்டும்தான். ரெண்டு ஊருக்கும் முந்நூறு வருஷமா பகை. ராஜாவுக்குப் பொன் குதிரை வேணும்னா ரெண்டு ஊரும் பேசியாகணும்."

"நல்லா இருக்கு கண்ணு."

"ஒரு சந்தேகம். அந்தக் கரைக் குதிரைக்கு வெயில் ஆகாதுன்னீங்கல்ல? அப்ப நிழல் கொடுக்கிற மரத்தை யாராச்சும் ராத்திரியோட ராத்திரியா வெட்டிட்டா, போர் தொடங்கிடும்தானே?"

தொடங்கிவிடும் என்றுதான் சொன்னேன். என்ன மரம் வைக்கலாம் என்று கேட்டாள்.