ஏர் பாக்கெட் என்று எழுதாதே

தம்பி,

சான்டா அனா விமான விபத்தைப் பற்றி நீ எழுதிய கட்டுரையை நேற்று ராத்திரி படித்தேன். விமானம் ஓட்டுகிற பிள்ளை தமிழில் எழுதியிருக்கிறானே என்ற சந்தோஷத்தோடுதான் உட்கார்ந்தேன். இரண்டாம் பத்தியிலேயே எரிச்சல் வந்துவிட்டது. ‘போயிங் 757-இன் இன்ஜின் காற்றில் சிக்கி’ என்கிறாய். நாலு வரி தள்ளி ‘ஏர் பாக்கெட்’ என்கிறாய். பின்னால் வருகிற விமானத்தைப் புரட்டும் காற்றுச் சுழலை விடுவது இன்ஜின் இல்லை, பாரம் தூக்குகிற இறக்கை. பரீட்சையில் இதை எழுதித்தானே தேறினாய்? வாசகனுக்குப் புரியாது என்று உனக்கு யார் சொன்னது?

அதைக்கூட மன்னிப்பேன். ‘இரண்டே மைல் இடைவெளிதான் எமன்’ என்று முடித்தாயே, அதை மன்னிக்க முடியவில்லை. 1993 டிசம்பர் 15 அன்று வெஸ்ட்விண்ட் என்ற அந்தச் சிறிய ஜெட், முன்னால் இறங்கிய 757-க்கு 2.1 மைல் பின்னால் வந்தது, சரி. விசாரணையில் வந்த இன்னொரு எண்ணை ஏன் விட்டாய்? 757 வந்த பாதைக்குச் சுமார் 400 அடி கீழே வெஸ்ட்விண்ட் வந்துகொண்டிருந்தது. கணக்குப் போடு. நிமிடத்துக்கு இரண்டரை மைல் வேகத்தில் அந்த இடைவெளி 50 விநாடி. சுழல் நிமிடத்துக்கு 300 முதல் 500 அடி வரை இறங்கும். 50 விநாடியில் எங்கே வந்து நிற்கும்? வெஸ்ட்விண்டின் மூக்குக்கு நேரே. அதில் இருந்த ஐந்து பேரும் போனார்கள். அதற்கு ஒரு வருஷம் முன்னால் மொன்டானாவின் பில்லிங்ஸில் சைட்டேஷன் என்ற இன்னொரு சிறிய ஜெட் விழுந்து எட்டுப் பேர் இறந்தார்கள். அங்கேயும் முன்னால் போனது 757. அங்கேயும் பின்னால் வந்தது கீழேதான், சுமார் 300 அடி. மைல் கணக்கை டவர் பார்த்துக்கொள்ளும். கண்ணால் பார்த்து இறங்குகிறேன் என்று நீ ஒப்புக்கொண்டால் அதுவும் உன் தலையில்தான். உயரமோ எப்போதுமே உன் கையில்.

எனக்கு ஏன் இதில் இத்தனை வெறி என்று கேட்பாய். ஆவ்ரோ விமானத்தில் நான் உதவி விமானியாக இருந்த காலம். ஒரு சாயங்காலம், காற்றின் திசை காட்டும் பை கம்பத்தில் துவண்டு தொங்குகிறது. முன்னால் ஒரு ஏர்பஸ் இறங்கிக்கொண்டிருந்தது. அதன் வாலையே பார்த்துக்கொண்டு, கொஞ்சம் தாழ்வாக ஓட்டிவந்தேன். திடீரென்று இடது இறக்கை சாய்ந்தது. வலது பக்கம் முழுக்கத் திருப்பியும் கேட்கவில்லை. கேப்டன் என் கையிலிருந்து கட்டுப்பாட்டைப் பிடுங்கி, பவர் கொடுத்து, மேலே தூக்கினார். காற்றடிக்கிற நாளில் சுழல் சீக்கிரம் சிதைந்துவிடும். இலை அசையாத சாயங்காலம்தான் வில்லங்கம். இரண்டாம் தடவை இறங்கியபிறகு வேட்டி கட்டிய ஒரு பெரியவர் வாசலில் நின்று, “என்ன தம்பி ஆச்சு?” என்றார். “ஏர் பாக்கெட் சார்” என்றேன். கேப்டன் என்னை ஒரு பார்வை பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. காற்றில் பள்ளம் என்றால் யார் மேலும் தப்பில்லை, பார். அந்த வசதிக்காகத்தான் அன்றைக்குச் சொன்னேன். உன் கட்டுரையில் அதே சொல் வந்ததும் அந்தப் பெரியவர் முகம்தான் ஞாபகம் வந்தது.

ஒன்று சொல்லியாக வேண்டும். காக்பிட் ஒலிப்பதிவைப் பற்றிய உன் பத்தியை மூன்று தடவை படித்தேன். முன்னால் போவது போயிங் என்று வெஸ்ட்விண்ட் விமானிகளுக்குத் தெரியும், கொஞ்சம் குலுக்கல் வரலாம் என்றும் தெரியும், கிளைட் பாத் என்ற இறங்குபாதைக்குச் சற்று மேலேயே வர நினைத்தார்கள் என்று நீ நிதானமாகச் சொல்லிக்கொண்டு போகிறாய். வயிறு கலங்கிவிட்டது. முப்பது வருஷம் பறந்த என்னால் அப்படி ஒரு பத்தி எழுத வராது. ஆனால் 757 அந்தப் பாதையைவிடச் செங்குத்தாக இறங்கியது என்பதை அங்கேயே, அந்தப் பத்தியிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்து, 1972 மே 30-இல் ஃபோர்ட் வொர்த்தில் டிசி-10-க்குப் பின்னால் இறங்கப்போன டிசி-9-ஐப் பற்றி எழுது. பயிற்சிக்காகப் பறந்தவர்கள், நான்கு பேரும் இறந்தார்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பு.