மறுமொழி பெறும் மடல்

சென்ற ஆண்டு, ஆய்வுக் கட்டுரையின் பொருட்டு நிகண்டுச் சுவடி ஒன்றைக் காண விழைந்து, அதனைப் பேணிவரும் பேராசிரியர் ஒருவருக்கு யான் மின்னஞ்சல் விடுத்தேன். அவர்தம் புலமையைப் புகழ்ந்து இரண்டு பத்தி. சுவடிகளின் அருமை குறித்து மூன்று பத்தி. ஈற்றில், தங்களால் இயன்ற உதவி புரிதல் வேண்டும் என ஒரு வாக்கியம். மூன்று வாரம் கழிந்தும் மறுமொழி வந்திலது. கட்டுரையை ஒப்புவிக்கும் நாளோ நெருங்கிற்று. பெரியோர் நம்மனோரை மதியார் போலும் என்று உளம் நொந்தேன்.

அந்நாளில் யாம் பயின்ற திருமுகப் பாசுரமே என் பிழையை எனக்குக் காட்டிற்று. பதினோராந் திருமுறையின் தொடக்கத்தில் நிற்பது அது. பாணபத்திரர்க்குப் பொருளுதவுமாறு ஆலவாய் இறைவன் சேரமான் பெருமாளுக்கு விடுத்த ஓலை என்பர். அடிகள் 12 மட்டுமே. முதல் நான்கடி, எழுதுவார் இன்னார், இன்ன ஊரினர் எனத் தெரிவிக்கும். அடுத்த நான்கு பெறுவாரைக் கூறும். எஞ்சிய நான்கில், வருபவர் யார், அவர்க்குச் செய்ய வேண்டுவது யாது என்பன அடங்கும். பொருள் கொடுத்து அனுப்புக, வேண்டுகோள் இவ்வளவே. இடையிலுள்ள புகழுரையும் வீணன்று. பாவலர்க்கு முகில்போல் வழங்குவோன் என்றமையால், பிறரை விடுத்துச் சேரனை நாடிய காரணம் அப்புகழிலேயே விளங்குகின்றது. யான் எழுதிய புகழோ எப்பேராசிரியர்க்கும் பொருந்துவது!

பவுல் பிலேமோனுக்கு எழுதிய நிருபமும் 25 வசனங்களே உடையது. ஒநேசிமுவை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டும் அப்போஸ்தலர், அவன் பட்ட கடன் உளதேல் அதனைத் தம் கணக்கில் வைக்குமாறு கூறித் தம் கைப்படவே உறுதி எழுதுகின்றார். படிப்பவர் உள்ளத்தில் எழக்கூடிய தடையை முன்னரே உணர்ந்து நீக்கியவாறு இது. (ஒநேசிமுவின் பெயரைப் பத்தாம் வசனம்வரை கூறாது வைத்தது மற்றொரு நுட்பம், அது நம்போன்ற மாணாக்கர்க்கு எளிதிற் கைவாராது.)

பணி மிக்கார் இரண்டு கூட்டங்களுக்கு இடையே கைப்பேசியில் நம் அஞ்சலைக் காண்கின்றனர். 'இயன்ற உதவி' என்றால், இயல்வது யாது என ஆராயும் வேலையையும் அவர்மேலேயே சுமத்துகின்றோம். 'பின்னர்ப் பார்ப்போம்' என ஒதுக்கப்படும் அஞ்சல் அன்றே புதைந்துபோம். ஆகலின், பொருள் வரியில் 'வணக்கம்' என்றிருந்ததை 'நிகண்டுச் சுவடி காண இசைவு' என மாற்றி, மீண்டும் இவ்வாறு எழுதினேன்:

"ஐயா, யான் தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவன். தங்கள் கட்டுரையிற் குறித்த பாட வேறுபாடுகளை மூலத்தோடு ஒப்புநோக்க விரும்புகின்றேன். முதல் 10 ஏடுகள் போதும். ஒரு மணி நேரத்திற்கு மேற்படாது. செவ்வாய் அல்லது வெள்ளி முற்பகல் வரலாமா? படம் எடுக்கமாட்டேன், தங்கள் முன்னிலையிலேயே குறித்துக்கொள்வேன்."

அன்று மாலையே மறுமொழி வந்தது: "வெள்ளி வருக. மைப்பேனா வேண்டா, பென்சில் கொணர்க."