கரடியின் இல்லம்

அமெரிக்க நாட்டின் வயோமிங் மாநிலத்தில், பெல் ஃபூர்ஷ் ஆற்றின் அருகே தனித்து உயர்ந்து நிற்கிறது ஒரு பெரும்பாறை. அடிமுதல் உச்சிவரை அதன் உயரம் 264 மீட்டர். உருகிய பாறைக்குழம்பு மண்ணுக்கடியில் குளிர்ந்து சுருங்கியபோது, பெரும்பாலும் அறுகோண வடிவமுள்ள தூண்களாகப் பிளந்து இறுகியது. சூழ்ந்திருந்த மென்மையான பாறைகளை நீர் அரித்துச் செல்லவே, தூண்கள் வெளிப்பட்டன. அவற்றிடையே நெடிதாக ஓடும் பிளவுகளில் கையையும் காலையும் செருகி மேலே செல்லலாம். ஆதலால் பல நாட்டுப் பாறையேறுநர் இங்கு வருகின்றனர்.

இப்பாறைக்கு ஆங்கிலத்தில் ‘டெவில்ஸ் டவர்’ என்று பெயர். ‘பேயின் கோபுரம்’ என்பது அதன் பொருள். 1875ஆம் ஆண்டு வந்த ஆய்வுக்குழுவினர் இட்ட பெயர் அது. ஆனால், அந்நிலத்தின் தொல்குடியினரான லகோட்டா மக்கள் இதனை ‘மாத்தோ திப்பிலா’, அதாவது ‘கரடியின் இல்லம்’ என்று அழைக்கின்றனர். இருபதுக்கும் மேற்பட்ட தொல்குடியினர்க்கு இது புனித இடம்.

கியோவா மக்களிடையே ஒரு கதை வழங்குகிறது. கரடிகள் ஏழு சிறுமியரைத் துரத்தின. சிறுமியர் ஒரு சிறு பாறைமீது ஏறி நின்று, தம்மைக் காக்குமாறு அதனை வேண்டினர். பாறை வானளாவ வளர்ந்தது. கரடிகள் பிறாண்டிய தடங்களே அதன் பிளவுகள். சிறுமியர் எழுவரும் விண்மீன்கள் ஆயினர். அவ்விண்மீன் கூட்டத்தையே தமிழர் கார்த்திகை என்பர். அதில் ஆறு மீன்களை எண்ணி, ‘அறுமீன்’ என்றும் பெயரிட்டனர்.

1906ஆம் ஆண்டு அமெரிக்க அரசு இப்பாறையை அந்நாட்டின் முதல் தேசிய நினைவிடமாக அறிவித்தது. 1937ஆம் ஆண்டு முதல் கயிற்றின் துணையுடன் ஏறும் முறை இங்குப் பரவியது. ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் தொல்குடியினர் பாறையின் அடியில் கூடி வழிபடுவர். மரக்கிளைகளில் வேண்டுதல் துணிகளைக் கட்டுவர். அவ்வேளையில் மேலிருந்து ஆணி அடிக்கும் ஓசையும் ஏறுவோரின் கூச்சலும் கேட்டால், வழிபடுவோர் உள்ளம் வருந்தாதா?

நினைவிட அலுவலர்கள் இரு தரப்பினரையும் அழைத்துப் பேசினர். அதன் பயனாக 1995ஆம் ஆண்டு ஒரு திட்டம் உருவானது. பாறையில் புதிய ஆணிகள் அடிப்பது தடைசெய்யப்பட்டது. பைரிகள் கூடு கட்டியுள்ள பகுதிகளில் குஞ்சுகள் பறக்கும்வரை எவரும் ஏறுதல் கூடாது என்பதும் கட்டாய விதியாயிற்று. ஆனால், ஜூன் மாதத்தில் ஏறாதிருத்தல் சட்டமன்று, வெறும் வேண்டுகோளே. மீறுவோர்க்குத் தண்டனை இல்லை.

சிலர் இதனை ஏற்கவில்லை. “இது பொதுநிலம், ஒரு சாராரின் வழிபாட்டிற்காகப் பிறரை விலக்கலாமா?” என்று வினவி வழக்குத் தொடுத்தனர். தொழில்முறை வழிகாட்டிகளுக்கு ஜூன் மாதத்தில் உரிமம் மறுப்பதை 1996இல் நீதிமன்றம் தடுத்தது. ஆனால், வேண்டுகோள் விடுப்பதில் தவறில்லை என்று 1998இல் தீர்ப்பளித்தது.

முதல் ஆண்டிலேயே ஜூன் மாதத்தில் ஏறுவோர் தொகை ஏறக்குறைய 85 விழுக்காடு குறைந்தது. பின்வந்த ஆண்டுகளில் அது சற்றே உயர்ந்தாலும், பெரும்பாலோர் இன்றும் வேண்டுகோளை மதிக்கின்றனர்.

நெடுந்தொலைவு பயணம் செய்து, பெரும்பொருள் செலவிட்டு வந்த ஏறுநர் ஒருவர் ஜூன் மாதக் காலையில் அப்பாறையின் முன் நிற்பதாக எண்ணிப் பாருங்கள். மறுமுறை வர இயலுமா என்பது அவருக்குத் தெரியாது. பெயரைப் பதிவு செய்தால் போதும், எவரும் தடுக்கமாட்டார். மரக்கிளையில் வண்ணத்துணி ஒன்று காற்றில் அசைகிறது. அவர் கயிற்றைத் தோளிலிருந்து இறக்கவில்லை. பாறையைச் சுற்றியுள்ள நடைபாதையில் மெல்ல நடக்கத் தொடங்குகிறார். உச்சியை அவர் தொடவில்லை. எனினும், வெறுங்கையுடன் திரும்பினார் என்று கூற இயலுமோ?

அருஞ்சொற்பொருள்

ஏறுநர் – ஏறுபவர்
தொல்குடியினர் – ஒரு நிலத்தில் தொன்றுதொட்டு வாழ்பவர்
பைரி – வேட்டையாடும் பறவை வகை
விழுக்காடு – நூற்றுக்கு இவ்வளவு என்னும் கணக்கு

பயிற்சி

1. கோடிட்ட இடத்தை நிரப்புக: ‘மாத்தோ திப்பிலா’ என்பதன் பொருள் ________.
2. சட்டத்திற்கும் வேண்டுகோளுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாடத்தின் துணைகொண்டு விளக்குக.
3. வழக்குத் தொடுத்தோரின் கருத்து யாது? அதனை நீவிர் ஏற்கிறீரா? காரணம் தருக.
4. நீவிர் வாழும் ஊரின் மக்கள் போற்றும் ஓர் இடத்தைப் பற்றி அவ்வூர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதுக.