எலும்பில் எழுதிய ஆண், பெண் வரலாறு: தொல் டி.என்.ஏ. படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வாள் கிடைத்தால் ஆண், நகை கிடைத்தால் பெண். அகழாய்வாளர் பலர் நெடுங்காலம் இந்தக் கணக்கை வைத்தே புதைகுழிகளைப் படித்தார்கள். ஸ்வீடனின் பிர்காவில் 1878-ல் தோண்டிய குழி ஒன்றில் வாள், கோடரி, ஈட்டி, அம்புகள், இரண்டு கேடயங்கள், இரண்டு குதிரைகள் இருந்தன. வைக்கிங் வீரன் என்று எழுதி வைத்தார்கள். எலும்பைப் பார்த்தவர்கள் 1970-களிலேயே ஐயம் எழுப்பியும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் பெண் என்று 2017-ல் டி.என்.ஏ. காட்டியது. இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர் முதலில் விட வேண்டியது அந்தப் பழைய கணக்கை.

படி 1: எலும்பைத் தேர்ந்தெடுங்கள்

உட்செவியைச் சூழ்ந்திருக்கும் கெட்டியான எலும்பும் பல்லின் வேரும்தான் முதல் தேர்வு. துளையிட்டுப் பொடியாக்கிய எலும்பு திரும்பி வராது. படமும் அளவும் எடுத்த பிறகே துளைக்க வேண்டும். வெப்ப மண்ணில் டி.என்.ஏ. சீக்கிரம் சிதைந்துவிடும். இதுவரை வந்த முடிவுகளில் ஐரோப்பா நிறைந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

படி 2: பழையதுதானா என்று பாருங்கள்

பொடியில் பெரும்பகுதி மண்ணின் பாக்டீரியாவாக இருக்கும். தொட்டவரின் டி.என்.ஏ.வும் கலந்திருக்கலாம். பழைய துண்டுகள் குட்டையானவை. அவற்றின் முனைகளில் காலத்தால் வந்த வேதிச்சிதைவு தெரியும். ஆணுக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்றுதான். ஆண் மாதிரியில் இரண்டு வகை எக்ஸ் தென்பட்டால் கலப்படத்தைச் சந்தேகியுங்கள்.

படி 3: ஆணா, பெண்ணா?

எக்ஸ், ஒய் இரண்டிலும் எத்தனை துண்டுகள் விழுகின்றன என்று எண்ணினால் போதும். சில ஆயிரம் துண்டுகளிலேயே தெரிந்துவிடும். டி.என்.ஏ. அழிந்திருந்தால் பல் எனாமலின் புரதம் கைகொடுக்கும். ஸ்பெயினின் வலென்சினாவில் யானைத் தந்தத்தோடு புதைக்கப்பட்டவர் இளைஞர் அல்ல, பெண் என்று 2023-ல் தெரிந்தது அப்படித்தான்.

இந்தப் படியின் பெரிய பயன், என் பார்வையில், குழந்தைகள். பருவமடையாத எலும்பைப் பார்த்து ஆண், பெண் சொல்வது கடினம். டி.என்.ஏ.வுக்கு அந்தச் சிக்கல் இல்லை. துருக்கியின் சாத்தல்ஹோயுக் கற்கால ஊரில் பெண் குழந்தைகளுக்கே அதிகப் பொருள்கள் வைத்துப் புதைத்திருக்கிறார்கள் என்று 2025-ல் அறிந்தோம்.

படி 4: புகுந்த வீடு யாருக்கு?

மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. தாயிடமிருந்து மட்டும் வருகிறது. ஒய் தந்தையிடமிருந்து மகனுக்கு. பெண்கள் பிறந்த ஊரிலேயே தங்கி, ஆண்கள் வெளியிலிருந்து வந்தால், இடுகாட்டில் ஒரே தாய்வழி திரும்பத் திரும்ப வரும்; ஒய் பலவிதமாக இருக்கும். தெற்கு இங்கிலாந்தின் டார்செட்டில், வின்டர்போர்ன் கிங்ஸ்டன் என்னும் ஊரில், இரும்புக்கால டூரோட்ரிஜிஸ் மக்களிடம் கிடைத்தது அதே கோலம். டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் லாரா காசிடி குழு 50-க்கும் மேற்பட்டோரின் மரபணுத்தொகுதியைப் படித்து 2025-ல் இதை வெளியிட்டது. பெரும்பாலோர் ஒரே தாய்வழியில் வந்தவர்கள். தந்தைவழி உறவு அரிது. அதாவது, வீட்டோடு மாப்பிள்ளைகளின் ஊர். அந்த மக்களிடையே பொருள் மிகுந்த புதைகுழிகளும் பெரும்பாலும் பெண்களுடையவை. லாங்டன் ஹெரிங்கில் ஒரு பெண்ணோடு உலோகக் கண்ணாடியையே வைத்திருந்தார்கள்.

ஜெர்மனியின் லெக் பள்ளத்தாக்கில் கதை நேர்மாறு. அங்கே இடுகாட்டில் வயதுவந்த மகள்களைக் காணோம். வந்து சேர்ந்த பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் வேற்றூரில் வளர்ந்ததைப் பல்லிலுள்ள, ஊர் மண்ணுக்கேற்ப மாறும் ஸ்ட்ரான்ஷியம் என்ற தனிமம் சொன்னது. டி.என்.ஏ.வோடு இதையும் சேர்த்தே கேளுங்கள்.

படி 5: மிகையாகப் படிக்காதீர்கள்

தாய்வீட்டில் வாழ்ந்தார்கள் என்பதால் பெண்களே ஆண்டார்கள் என்று ஆகாது. குரோமோசோம் உடலைச் சொல்லும். ஊர் அவரை எப்படி நடத்தியது என்பதைக் குழியிலுள்ள பொருள்கள்தான் சொல்ல வேண்டும். பின்லாந்தின் சுவான்டாகாவில் பெண் உடையோடும் வாளோடும் புதைக்கப்பட்ட ஒருவருக்குப் பெரும்பாலும் எக்ஸ்எக்ஸ்ஒய் குரோமோசோம்கள் இருந்திருக்கலாம் என்று 2021-ல் எழுதினார்கள். ஆண், பெண் என்ற இரண்டு கட்டங்களில் அவரை அடைக்க முடியாது. அவருக்குக் கிடைத்த இறுதிச் சடங்கோ மதிப்புக்குரியது.

தொடங்குவதற்கு ஆய்வகம் வேண்டாம். வெளிவந்த மரபணுத் தரவுகளை ஹார்வர்டின் ஆலன் தொல் டி.என்.ஏ. தொகுப்பு இலவசமாகத் தருகிறது. ஒரே ஒரு இடுகாட்டை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரின் பால், தாய்வழி, ஒய் வகை ஆகியவற்றை அகழாய்வு அறிக்கையின் பொருள் பட்டியலுக்கு அருகே வைத்து எழுதிப் பாருங்கள்.