சோயா இல்லாமல் தாய் முயலுக்குத் தீனி

2022இல் இலங்கையில் டொலர் தட்டுப்பாட்டால் சோயாப் புண்ணாக்கு, சோள இறக்குமதி தடுமாறியது. கோழித்தீனி விலை எகிறியது. அடுத்த ஆண்டே இந்தியாவிலிருந்து முட்டை வாங்கினோம். லயத்துக்குப் பின்னால் முயல் வளர்த்து வருமானம் பார்க்க நினைக்கும் ஹட்டன், நுவரெலியா இளைஞர்கள் இதை மனதில் வைத்துத் தொடங்குங்கள்: கடைத் தீனி மூட்டையை மட்டும் நம்பி இந்தத் தொழிலில் இறங்கக் கூடாது.

குளிர் உங்களுக்குச் சாதகம். 30 பாகைக்கு மேல் வெயில் ஏறினால் ஆண் முயலின் விந்து கெடும். மலையில் அந்தக் கவலை இல்லை. நம் மலையைப் போலவே குளிர்ந்த தமிழ்நாட்டின் கொடைக்கானல் மலையில், மன்னவனூர் அரசு ஆராய்ச்சி நிலையம் வெள்ளை ஜயண்ட், சோவியத் சின்சில்லா முயல் இனங்களை வளர்க்கிறது.

சிக்கல் தாய் முயலின் வயிற்றில்தான். சினைக்காலம் 31 நாள். குட்டி போட்டதும் தேவை ஒரேயடியாக ஏறும். பசும்பாலில் புரதம் 3 சதவீதத்தைச் சற்றே தாண்டும். முயல் பாலில் 10க்கு மேல். அதனால் பால் கொடுக்கும் தாய்க்குத் தீனியில் 17, 18 சதவீதப் புரதம் வேண்டும். நான்கு கிலோ எடையுள்ள தாய், பால் உச்சத்தில் இருக்கும்போது நாளுக்கு 400 கிராம் உலர்தீனி வரை தின்னும். சோயாவுக்குப் பதில் அந்தப் புரதத்தை இலையிலிருந்து எடுக்கலாம். ஆனால் பச்சை இலையில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். 400 கிராமை இலையாலேயே நிரப்ப இரண்டு கிலோ வேண்டும்; அது வயிற்றில் கொள்ளாது. இலையை உலர்த்தித்தான் ஆக வேண்டும்.

எந்த இலை? என் முதல் தெரிவு மல்பெரி. உலர்ந்த இலையில் 20 சதவீதம் அளவுக்குப் புரதம், எளிதில் செரிக்கும், நஞ்சு இல்லை. தேயிலை மண்ணின் புளிப்பு அதற்குப் பிடிக்காது. குழிக்கு டொலமைட் போட்டு, மழை தொடங்கும்போது மூன்று நான்கு கணுவுள்ள தண்டை நடுங்கள். நுவரெலியா உச்சிக் குளிரில் வளர்ச்சி மெதுவாக இருக்கும், ஹட்டன் பக்கம் பரவாயில்லை.

கிளிரிசிடியாவில் புரதம் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அரசே அறிவித்த மரம் அது. ஆனால் அதில் கூமரின் உண்டு. இலை பூஞ்சணம் பிடித்தால் அது இரத்தம் உறையாமல் செய்யும் நஞ்சாக மாறும். வாடவைத்து, காய்ந்த நிலையில், சிறிதளவு மட்டும் கொடுங்கள். இப்பில் இப்பில் இலையை இனவிருத்தி முயலுக்குக் கொடுக்கவே வேண்டாம். அதிலுள்ள மிமோசின் உரோமத்தை உதிர்த்து, சினைப் பிடிப்பையும் கெடுக்கும். தாய் முயல் விஷயத்தில் புரத அளவைப் பார்ப்பதற்கு முன் கருவுக்குத் தீங்கில்லையா என்று பாருங்கள்.

தேயிலைத் தூள் கழிவு கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அதிலுள்ள தனின் புரதத்தைக் கட்டிப்போடும், கஃபீனும் ஆகாது. விட்டுவிடுங்கள்.

கலவைக்கு ஒரு கணக்கு, 100 கிலோவுக்கு: உலர்ந்த மல்பெரி 35, கோதுமைத் தவிடு 25, தேங்காய்ப் புண்ணாக்கு 20, வறுத்து உடைத்த கௌபி 10, சோளம் 8, உப்பும் தாதுக்கலவையும் 2. புரதம் சுமார் 18 சதவீதம் வரும். தேங்காய்ப் புண்ணாக்கில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, அதை ஈடுகட்டத்தான் கௌபி. பூஞ்சணம் பட்ட புண்ணாக்கைச் சேர்க்காதீர்கள். அதில் உண்டாகும் அஃப்ளடொக்சின் நஞ்சுக்கு முயல் சீக்கிரம் பலியாகும். இதோடு காய்ந்த புல் எப்போதும் கூண்டில் இருக்கட்டும். நார் குறைந்தால் குடல் இயக்கம் நின்றுவிடும். மழை மாதங்களில் இலை உலராது. ஜனவரி முதல் மார்ச் வரையான வெயில் காலத்திலேயே நிழலில் உலர்த்திச் சேமியுங்கள்.

மரக்கறித் தோட்டத்து மீதியில் கரட் இலை, வற்றாளைக் கொடி நல்லவை. லீக்ஸும் உருளைக்கிழங்குச் செடியும் ஆகாது. மருந்தடித்த நாளைக் கேட்காமல் எதையும் அள்ளி வராதீர்கள்.

ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள்: இணை சேர்த்த திகதி, பிறந்த குட்டி, பால் மறந்த குட்டி, தின்ற தீனி. தீனியை மாற்றினால் ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக மாற்றி, அதையும் குறியுங்கள். உங்கள் பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அந்தக் கொப்பியோடு போனால், டொக்டர் சொல்லும் ஆலோசனை உங்கள் கூண்டுக்கே பொருந்தும். இனக்குட்டி வாங்க வருபவருக்கும் அதுவே சான்று.

தோட்ட நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். லயத்தில் வாழ்பவருக்குச் சொந்த நிலம் இல்லை. தேயிலை வராத கானோரத்தையும் பாதையோரத்தையும் மல்பெரி நட எழுத்தில் அனுமதித்துக் கொடுங்கள். இளைஞர்களே, அந்தக் கடிதத்தைக் கேட்டுப் பெறுங்கள்; தண்டு வேர் பிடித்து, முதல் இலை வெட்டிய பிறகு தாய் முயலை வாங்குங்கள்.