வெற்றிலை ஊரில் கள்ளி வளர்ப்பு

எங்கள் ஆத்தூரில் செடி வளர்ப்பது என்றால் தண்ணீர் விடுவது என்றே பொருள். தாமிரபரணி கடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால் இருக்கும் ஊர் இது. வெற்றிலைக் கொடிக்கால்தான் இங்கே பெயர்போனது. 2023-ல் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அகத்தி நிழலில், வேரடியில் ஈரம் காயாமல் கொடியைக் காத்துப் பழகிய கைகள் எங்களுடையவை. தொட்டிக் கள்ளிக்கு அந்தக் கைதான் எமன். இந்த ஊரில் வீட்டுக்கள்ளி வெயிலில் கருகிச் செத்ததை நான் பார்த்ததில்லை. அழுகித்தான் சாகிறது.

தெற்கே தேரி, கிழக்கே உப்பளம், பாலைவனச் செடிக்கு இதைவிட என்ன வேண்டும் என்று கேட்பார்கள். வெயிலை மட்டும் பார்த்துச் சொல்லும் பேச்சு அது. கள்ளி பகலில் மூச்சை அடக்கிக்கொண்டு, தண்டில் உள்ள நுண்துளைகளை இரவில்தான் திறக்கும். அப்போது வாங்கும் கரியமில வாயுவை அமிலமாகச் சேர்த்துவைத்து, விடிந்தபின் வெளிச்சத்தில் உணவாக்கும். இரவு குளிர்ந்து கிடந்தால்தான் இந்த வேலை ஒழுங்காக ஓடும். மெக்சிகோவின் மேட்டு நிலங்களில் குளிரும். இங்கே சித்திரை இரவில் சட்டையே உடம்பில் ஒட்டுகிறது. அதனால் மாமில்லேரியா மாதிரியான குட்டைக் கள்ளிகள் கோடையில் வளராமல், லேசாகச் சுருங்கிச் சும்மா உட்கார்ந்திருக்கும். அதைத் தாகம் என்று எண்ணி ஊற்றினால் முடிந்தது கதை.

நான் பார்க்கும் சோதனை தென்னை ஈர்க்கு. தொட்டியின் அடிவரை செருகி, கொஞ்ச நேரம் விட்டு உருவிப் பார்ப்பேன். மண் ஒட்டி வந்தால் தண்ணீர் கிடையாது. காய்ந்து வந்தால், வெயில் தாழ்ந்தபின், அடித்துளை வழியாக ஒழுகும்வரை ஒரே தடவையாக ஊற்றுவேன். தினமும் ஒரு டம்ளர் தெளிப்பது மேல்மண்ணை நனைக்குமே தவிர வேருக்கு எட்டாது. கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் தொட்டி சீக்கிரம் காய்ந்துவிடும். வாரம் ஒருமுறைகூடத் தேவைப்படலாம். ஐப்பசி பிறந்தால் தொட்டிகள் மொட்டை மாடியான தட்டட்டியிலிருந்து கூரையுள்ள தார்சாவுக்கு இறங்கிவிடும். தை வரை அநேகமாகத் தண்ணீரே இல்லை. காற்றில் இருக்கும் ஈரமே அதிகம்.

2023 டிசம்பர் மழை வேறு மாதிரி. பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது. இந்த மாவட்டத்துக்கு வருடம் முழுக்கப் பெய்வதைவிட அது கூடுதல். ஆற்றங்கரை ஊர்களில் மனிதர்கள் பட்ட பாட்டுக்கு முன்னால் செடிக்கதை பேசுவது அபத்தம்தான். ஆனாலும் ஒன்று கண்ணில் பட்டது. இறக்காமல் தட்டட்டியிலேயே நின்று நனைந்த தொட்டிகளில், பருமணல் கலவையில் இருந்தவை பிழைத்தன. கடையில் வாங்கிய நார்த்துகளோடு அப்படியே இருந்தவை அடியில் பழுப்பேறிக் கொழகொழத்தன. நனைவதைக் கள்ளி தாங்கும். நனைந்தபடியே வாரக்கணக்கில் நிற்பதைத் தாங்காது.

ஆகவே மண்தான் பாதி வைத்தியம். வயல்மண் வேண்டாம், களியாக இறுகிவிடும். கடல்மணலில் உப்பு. தேரி மணல் செக்கச்செவேல் என்று அழகாக இருக்கும், ஆனால் ரொம்ப நைசு. தொட்டிக்குள் படிந்து காற்றோட்டத்தை அடைத்துவிடும். வீடு கட்டுகிற இடத்தில் ஆற்றுமணலைச் சலித்தபின் சல்லடையில் தங்கும் கப்பியைக் கேட்டு வாங்குங்கள், சந்தோஷமாகத் தருவார்கள். அதோடு உடைத்த செங்கல், கொஞ்சம் அடுப்புக்கரி, நன்றாக மக்கிய சாணி அல்லது இலைமட்கு. மூன்றில் இரண்டு பங்கு கல்லும் மணலுமாக இருக்கட்டும். தொட்டி சுட்ட மண்ணால் ஆனதாக, அடியில் துளையோடு இருக்க வேண்டும். துளையில்லாத பீங்கான் கிண்ணம் அழகுக்குச் சரி. அதில் நட்டால் அது கள்ளிக்குக் கிணறு. போர்த்தண்ணீர் உப்பாக இருந்தால் தொட்டி விளிம்பில் வெள்ளை படியும். மழைநீரை ஒரு டிரம்மில் பிடித்துவைத்தால் கள்ளிக்கு வருடம் முழுக்கக் காணும்.

கடையில் வாங்கும்போது பூவைத் தொட்டுப் பாருங்கள். காய்ந்த பூவைப் பசை வைத்து ஒட்டி விற்பது சகஜம். சிவப்பு, மஞ்சள் உருண்டை தலையில் இருக்கும் ‘மூன் கேக்டஸ்’ ஒட்டுச்செடி. அந்த உருண்டையில் பச்சையமே இல்லை, கீழே இருக்கும் டிராகன் பழக்கள்ளியின் தண்டுதான் சோறு போடுகிறது. சில வருடம் இருக்கும், அவ்வளவே. கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தால் கதிர்வீச்சை உறிஞ்சும் என்பார்கள், நம்பாதீர்கள். மேசையில் வைத்த கள்ளி வெளிச்சத்தைத் தேடி நுனி மெலிந்து நீளும், அதுதான் நடக்கும். மெலிந்த தண்டு திரும்பப் பருக்காது. கிழக்குப் பார்த்த சன்னல் திண்டுதான் நல்ல இடம்.

எங்கள் ஆச்சிக்கு இதில் எதுவுமே பிடிக்காது. “ஏட்டி, முள்ளுச்செடி வீட்டுக்கு ஆகாதுட்டி” என்பாள். ஆனால் புறவாசலில் பிரம்மகமலம் பூக்கிற இரவில் தெருவையே கூப்பிட்டுக் காட்டுவாள். அதுவும் கள்ளிதான், மெக்சிகோப் பக்கத்துக் காடுகளில் மரத்தில் தொற்றி வளர்வது என்றேன். “போட்டி, அது சாமிப்பூல்லா” என்று முடித்துவிட்டாள். முள்ளுக்குப் பயப்படும் வீட்டில் அதையே வைக்கலாம். நேர்வெயில் கூடாது, இலைமட்கு கூடுதலாகவும், தண்ணீர் மற்றக் கள்ளிகளைவிடத் தாராளமாகவும் கேட்கும்.

ஆச்சியின் பயத்தில் ஒரு நியாயம் உண்டு. நம் வேலிகளில் நிற்கும் திருகுகள்ளியும் சதுரக்கள்ளியும் வேறு குடும்பம். அவற்றின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. நர்சரியில் அவற்றையும் அசல் கள்ளியையும் கலந்தே அடுக்கியிருப்பார்கள். பாலை வைத்துப் பிரிக்க முடியாது, மாமில்லேரியாவில் சிலவற்றுக்கும் பால் வரும். முள் கிளம்பும் இடத்தைப் பாருங்கள். பஞ்சு மாதிரிச் சின்ன மெத்தை இருந்தால் அசல் கள்ளி.

வேறு இடங்களில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் மட்டும் கவலைப்படுங்கள், மாவுப்பூச்சி. அதற்கு உறவான இன்னொரு பூச்சி சப்பாத்திக்கள்ளியில் வாழும். நசுக்கினால் விரல் சிவக்கும். அந்தச் சாயத்துக்காகத்தான் கம்பெனிக் காலத்தில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பவர் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். பிறகு சப்பாத்திக்கள்ளி தறிகெட்டுப் பரவி நிலத்தை அடைத்தபோது, 1926-ல் இலங்கையிலிருந்து அந்த இனப் பூச்சி ஒன்றைக் கொண்டுவந்து விட்டார்கள். சில வருடங்களில் பெரும்பரப்பைத் தின்று தீர்த்தது. ஒரு தொட்டி அதற்கு எம்மாத்திரம்! மாவுப்பூச்சியைப் பார்த்த அன்றே அந்தச் செடியைத் தனியே ஒதுக்கி, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைத்தெடுங்கள். வாரம் கழித்து மறுபடி பாருங்கள். வேப்பெண்ணெய் அடித்தால் சில நாள் நிழலில் வைக்க வேண்டும், வெயிலில் தோல் வெந்துவிடும்.

பக்கக்கன்றை வெட்டினால் உடனே நடாதீர்கள். வெட்டுவாய் காய்ந்து தோல் மூடும்வரை வாரம் பத்து நாள் நிழலில் கிடக்கட்டும். பெரிய முள்ளுக்குச் செய்தித்தாளை நாலாக மடித்துச் செடியைச் சுற்றிப் பிடித்துத் தூக்கலாம். சப்பாத்திக்கள்ளியின் மயிர்முள் கையில் ஏறினால் தேய்க்கவோ வாயால் கடித்து இழுக்கவோ வேண்டாம். அந்த இடத்தில் ஃபெவிகால் தடவி, நன்றாகக் காயவிட்டு உரித்தெடுங்கள். பெரும்பாலும் அதோடு வந்துவிடும்.